மோர்தானா பக்கம் தூண்டில் போட ரிவால்வர் எதற்கு?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. நண்பர்கள் நான்கு பேர், மாதம் ஒருமுறை கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலை அடிவாரம், மோர்தானா அணை, பாலாற்றங்கரை என்று போகிறார்கள். இரவு தங்கி மீன் பிடிக்கிறார்கள். பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியிருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் அண்ணனைக் கேட்டால், ".357 மேக்னம் ரிவால்வர், நாலு அங்குலக் குழல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்றாராம். இங்கே அது கிடைக்குமா, கிடைக்காவிட்டால் எதை வாங்கலாம், லைசன்ஸ் எப்படி என்பது கேள்வி.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கம்மவான்பேட்டைக்காரன். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பத்தொன்பது வருடம் ராணுவம், வெளியே வந்த பிறகு எட்டு வருடம் ஒரு வங்கி வாசலில் சொந்த லைசன்ஸில் வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல். அதனால் துப்பாக்கி என்றால் எனக்குப் பயமும் கிடையாது, மயக்கமும் கிடையாது. கீழே எழுதுவதைப் படித்துவிட்டு "பெரியவர் பயமுறுத்துகிறார்" என்று நினைக்க வேண்டாம்.

முதலில் அண்ணன் சொன்னதை எடுத்துக்கொள்வோம். (.357, .32 என்பதெல்லாம் தோட்டாவின் தடிமன், சுமாராக அங்குலக் கணக்கில்.) அவர் ஊருக்கு அது நல்ல யோசனைதான். அங்கே ஆற்றில் இறங்கி மீன் பிடிக்கிறவனுக்கு எதிரே வரக்கூடியது கருங்கரடி, சில மாநிலங்களில் கிரிஸ்லி என்னும் பெரிய பழுப்புக் கரடி. 1935-இல் வந்த .357 மேக்னம் தோட்டா குழலை விட்டு வெளியேறும்போது 700, 800 ஜூல் ஆற்றலோடு போகும். அலாஸ்கா பக்கம் அதுவும் போதாது என்று 1955-இல் வந்த .44 மேக்னத்தையோ, 10 மி.மீ. பிஸ்டலையோ எடுத்துப்போவார்கள். மழையிலும் ஆற்றுநீரிலும் நனையும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இடுப்புவரை தண்ணீரில் நிற்பதால் உறையை இடுப்பில் கட்டாமல் மார்பில் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. 2010 பிப்ரவரியிலிருந்து அந்த நாட்டுத் தேசியப் பூங்காக்களிலும் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம்.

ஆனால் அங்கேயே நடந்த ஓர் ஆய்வை அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடி மீது மிளகாய் ஸ்ப்ரே அடித்த சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். பழுப்புக் கரடிகளில் 92 சதவீதம் அடித்ததும் நின்றுவிட்டன. குறி பார்க்க வேண்டாம், கை நடுங்கினாலும் மேகம்போலப் பரவும். துப்பாக்கிக்காரர்களே அங்கே அதையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு போகிறார்கள். இன்னொன்று, உங்கள் அண்ணன் எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், வேட்டை லைசன்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, அவர் துப்பாக்கி வைத்திருப்பதே அந்த நாட்டு மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு வந்துவிட்டால் கதை வேறு. ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அவர் நல்லதுக்குத்தான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். .357 இங்கே கடையில் புதிதாகக் கிடைக்காது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைச் சாதாரண ஆட்கள் இறக்குமதி செய்வது 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன் வந்த பழைய சரக்கு கைமாறினால்தான் உண்டு. அதற்குக் கேட்கும் விலையில் ஒரு கார் வாங்கிவிடலாம். 9 மி.மீ. பிஸ்டல் கேட்கவே கேட்காதீர்கள். அது தடை செய்யப்பட்ட ரகம், பட்டாளத்துக்கும் போலீஸுக்கும் உரியது. நான் பணியில் இருந்தபோது கையாண்டது அதைத்தான். இன்று என் பெயரில் ஒன்று வாங்க எனக்கே வழியில்லை.

மிஞ்சுவது .32. அரசுத் தொழிற்சாலை ரிவால்வர்கள் பெரும்பாலும் கான்பூரிலிருந்து வருகின்றன. பழைய .32 ரிவால்வர் ஆறு தோட்டா, சுமார் 700 கிராம், நடுவில் முறித்துத் திறந்து தோட்டா போடுவது. 2014-இல் நிர்பீக் வந்தது. டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம், வந்தபோது விலை 1.22 லட்ச ரூபாய். பெண்களின் பாதுகாப்புக்கு என்று விளம்பரம் செய்தார்கள். அந்த விலைக்கு எத்தனை பெண்கள் வாங்கினார்களோ. 2023-இல் பிரபல் என்று ஒன்று. இதில் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும், 50 மீட்டர் வரை போகும் என்கிறார்கள். தோட்டா 50 மீட்டர் போகும் என்பதில் சந்தேகமில்லை. நாம் நினைத்த இடத்துக்குப் போகுமா என்பதுதான் கேள்வி. கைத்துப்பாக்கியை வைத்துக்கொண்டு, பகலில், அசையாத அட்டை இலக்கை, மூச்சை அடக்கிச் சுட்டபோதே 25 மீட்டரில் எனக்குப் பாதி தோட்டாக்கள் வெளியே போயிருக்கின்றன. இருட்டில், தூக்கக் கலக்கத்தில், ஓடி வரும் ஒன்றைச் சுட வேண்டுமென்றால் ஐந்து மீட்டருக்கு மேல் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

.32 ரிவால்வர் தோட்டாவின் ஆற்றல் 150 ஜூலை ஒட்டி இருக்கும். அண்ணன் சொன்ன தோட்டாவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. மனிதனுக்கு அது உயிர்போகும் விஷயம், விளையாட்டல்ல. ஆனால் தடித்த தோலும் கொழுப்பும் மண்டையெலும்பும் உள்ள காட்டுப்பன்றிக்கோ கரடிக்கோ அது நிறுத்தும் அடியல்ல, கோபமூட்டும் அடி. காயம்பட்ட பன்றியை எதிர்கொண்ட யாரையாவது அணைக்கட்டுப் பக்கம் விசாரித்துப் பாருங்கள்.

இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா. உங்கள் ஊர், தொழில், உயிருக்கு உள்ள அச்சம் இவற்றால் வேறு காரணத்துக்காகவே உங்களுக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது பிஸ்டலா ரிவால்வரா என்றால், வெளியில் தங்குகிறவனுக்கு ரிவால்வர்தான். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வரும். பிஸ்டலில் அந்த நேரத்தில் மேலே நகரும் ஸ்லைடை இழுத்துத் தோட்டாவைத் தள்ளிவிட வேண்டும். அது கைக்குப் பழக்கமாக நூற்றுக்கணக்கான முறை செய்திருக்க வேண்டும். ஆற்று மணலும் மீன் செதிலும் ஒட்டிய கையோடு அதைச் செய்வது எளிதல்ல. அதற்காக ரிவால்வருக்கு மணல் ஆகும் என்று அர்த்தமில்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே மணல் ஏறினால் அதுவும் சுழலாது.

எடை குறைவானதைத் தேடாதீர்கள். கடையில் தூக்கிப் பார்க்கும்போது நிர்பீக் சுகமாக இருக்கும், சுடும்போது கனமானதுதான் கையில் நிற்கும். விசை எவ்வளவு இறுக்கம் என்று காலியாக இருக்கும்போது பத்து முறை இழுத்துப் பாருங்கள், கடைக்காரரின் அனுமதியோடு. எட்டாவது முறைக்குள் குழல் ஆட ஆரம்பித்தால் அது உங்கள் விரலுக்கு ஆகாது. கைப்பிடியின் அடியில் வளையம் இருந்தால் அதில் கயிறு கோத்து இடுப்புப் பட்டையோடு கட்டிக்கொள்ள வேண்டும். பட்டாளத்தில் இதற்கு லேன்யார்டு என்போம். குனிந்து வலையை இழுக்கும்போது ரிவால்வர் தண்ணீருக்குள் விழுந்தால், மீனைத் தொலைத்தமாதிரி வீட்டுக்குப் போய்விட முடியாது. உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், அப்புறம் விசாரணை, அப்புறம் லைசன்ஸே கேள்விக்குறி. மூடி வைத்த தோல் உறை நல்லது, ஆனால் ஈரமான தோலுக்குள் இரவு முழுக்க வைத்தால் காலையில் துரு. எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்க வேண்டும்.

பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். எத்தனை வாங்கலாம் என்பது லைசன்ஸிலேயே எழுதியிருக்கும். அமெரிக்க வீடியோவில் ஒரு மதியத்தில் ஐந்நூறு சுடுவார்கள். இங்கே பெரும்பாலானவர்கள் வாங்கிய நாளில் சுட்டதோடு சரி, பீரோவில் வைத்துவிடுவார்கள். பழகாத துப்பாக்கி வைத்திருப்பவன், துப்பாக்கியே இல்லாதவனைவிட ஆபத்தானவன் என்பது என் அனுபவம்.

இப்போது லைசன்ஸ். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2016 ஆயுத விதிகள், 2019 திருத்தம், இந்த மூன்றும்தான் அடிப்படை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு. 2019-இல் வேலூர் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் உங்களுக்கு வேலூர், வாலாஜாவில் இருப்பவருக்கு ராணிப்பேட்டை, வாணியம்பாடிக்காரருக்குத் திருப்பத்தூர். காவல்துறை விசாரித்து அறிக்கை தரும். பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்றிதழும் தர வேண்டும். ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், லைசன்ஸ் ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. சட்டத்தின் 13-ஆவது பிரிவு எல்லாத் துப்பாக்கிகளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. இருபது அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரியில்லாத வழுவழுப்பான குழல் கொண்ட நீளத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டால், மறுக்கத் தக்க காரணம் இல்லாதவரை கொடுக்க வேண்டும் என்கிறது. பயிர்க்காவலுக்கு, குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் அப்படியே. ரிவால்வர், பிஸ்டல் கேட்டால் 'தகுந்த காரணம்' இருக்கிறது என்று அதிகாரி திருப்தியடைய வேண்டும். நகைக்கடைக்காரர், பெரிய தொகை கொண்டுபோகிறவர், கொலை மிரட்டல் உள்ளவர் இவர்களுக்கே இழுத்தடிக்கும். "சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகிறேன் ஐயா" என்பது தகுந்த காரணமாக எந்த மேஜையிலும் நிற்காது. நான் வங்கி வேலைக்காகப் பன்னிரண்டு போர் ரெட்டைக்குழல் துப்பாக்கி கேட்டபோதுகூட ஏழு மாதம் ஆனது.

கிடைத்த பிறகும் தொல்லை தீராது. லைசன்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே இருக்கும். நமக்கு ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். மோர்தானாவுக்கு மேலே ஏறிப்போனால், பலமநேர் சாலையில் கொஞ்சம் தாண்டினால், வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசன்ஸோடு அங்கே பிடிபட்டால் லைசன்ஸ் இல்லாதவன் கணக்குதான். தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று வருகிற வருடங்களில் என் துப்பாக்கி என்னோடு இருந்ததைவிட ஸ்டேஷனில் இருந்ததுதான் அதிகமோ என்றுகூடத் தோன்றும்.

இதெல்லாம்கூடச் சில்லறை. நீங்கள் போகும் இடம்தான் பெரிய சிக்கல். மோர்தானா, அமிர்தி, பீஞ்சமந்தைச் சாலை எல்லாம் பெரும்பாலும் காப்புக்காடு. 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது, சுடுவது மட்டுமல்ல, மீன் பிடிப்பதே குற்றம். தூண்டிலுக்கே அந்தக் கதி என்றால் துப்பாக்கியை என்ன சொல்ல. எல்லைக்கு அந்தப் பக்கம் கவுண்டின்யா சரணாலயம். சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும். உங்கள் ரிவால்வர் பையில் இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவே இல்லை என்றாலும், வனக் காவலர் பார்வையில் நீங்கள் வேட்டைக்கு வந்த ஆள். ஜவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸார் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிற பகுதி இது. சந்தேகத்தின் பலனை யாரும் உங்களுக்குத் தர மாட்டார்கள்.

"உயிர் போகிற நேரத்தில் சட்டமா பார்ப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். 11-ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு ஒரு காட்டு விலங்கைக் கொன்றாலோ காயப்படுத்தினாலோ குற்றமில்லை என்கிறது. ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். அந்தத் தற்காப்பு தேவைப்பட்ட நேரத்தில் இதே சட்டத்தை மீறிய ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருந்தவனுக்கு இந்தச் சலுகை இல்லை. தன் கொல்லையில் நிற்கும் விவசாயிக்கு இது கேடயம். அனுமதியின்றி ரிவால்வரோடு சரணாலயத்துக்குள் கூடாரம் போட்டவனுக்கு இது உதவாது. சிறுத்தை, கரடி, யானை மூன்றும் முதல் அட்டவணையில் உள்ளவை. அதன் பிறகு உங்கள் வாழ்க்கையின் பத்து வருடம் நீதிமன்றப் படிக்கட்டில்.

மனிதர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், இரவில் பாலாற்றில் மணல் வண்டிகள் வருமே என்று. ஆமாம், வரும். அவர்களுக்குச் சாட்சி பிடிக்காது. அவ்வளவுதான் அவர்கள் பிரச்சினை. வண்டிச் சத்தம் கேட்டால் விளக்கை அணைத்துவிட்டுக் கரையேறி விலகுவதுதான் என் பழக்கம். பாரதிய நியாயச் சட்டத்தின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. ஆனால் தேவைக்கு மேல் ஓர் அடிகூட கூடாது, போலீஸைக் கூப்பிட நேரமிருந்தால் அந்த உரிமையே இல்லை. எட்டுப் பேர் மண்வெட்டியோடு நிற்கும் இடத்தில் ஆறு தோட்டா ரிவால்வரைக் காட்டுகிறவன் கணக்குத் தெரியாதவன்.

இனி விலங்குகள். யானையைப் பொறுத்தவரை பேசவே ஒன்றுமில்லை. கவுண்டின்யா பக்கமிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு வயல்களுக்கு இறங்கும் ஒற்றை யானைக்கு .32 என்பது கொசுக்கடி. சிறுத்தை பெரும்பாலும் உங்களைப் பார்த்துவிட்டு, நீங்கள் பார்ப்பதற்கு முன் போய்விடும். 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் ஓர் இளம்பெண்ணைச் சிறுத்தை கொன்றது உண்மை, மறக்கக்கூடியதல்ல. ஆனால் சிறுத்தை பின்னாலிருந்து, பதுங்கி, தனியாள் மீது பாய்வது. துப்பாக்கியை எடுக்க அவகாசம் தருவதில்லை. கூட்டமாக, பேசிக்கொண்டு, வெளிச்சத்தோடு நடக்கிறவர்களை அது தவிர்க்கும்.

எனக்கு உண்மையில் பயம் கரடி மீதுதான். அதுவும் நம்ம ஊர்க் கரடி. அதற்குக் கண் அவ்வளவு கூர்மையில்லை, புற்றைத் தோண்டும்போது காதும் வேறெங்கோ இருக்கும். நாம் சத்தமில்லாமல் கிட்டே போய்விட்டால் திடுக்கிட்டு மேலே பாயும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம் என்றால் பத்து மீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றேகால் வினாடிகூட ஆகாது. உறையின் பொத்தானைத் திறக்க எனக்கு அதற்கு மேல் ஆகும், நான் பழக்கப்பட்டவன். அதனால் கரடிக்கு மருந்து துப்பாக்கியல்ல, தொண்டை. மலைக்காரர்கள் புதருக்குள் போகும்போது ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டே போவதைக் கவனித்திருக்கிறீர்களா? அது சும்மா இல்லை. கோடையில் விடியற்காலையில் நீர்நிலைக்கு வருவதும் அதுதான், தூண்டில் போட நீங்கள் போவதும் அதே நேரம்தான்.

"சும்மா மேலே ஒரு வெடி வைத்தால் எல்லாம் ஓடிவிடுமே" என்று ஒரு நண்பர் சொல்வார். மேலே போன தோட்டா எங்கோ கீழே வந்துதானே ஆக வேண்டும். அந்தப் பக்கம் சாமைக் கொல்லையில் காவலுக்குப் பரண்மேல் ஒருவன் படுத்திருப்பான். அவன் நமக்கு எதிரியா?

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் நண்பரின் பட்டா நிலம். நான்கு பேர், ஜீப்பில் என் பன்னிரண்டு போர், லைசன்ஸோடு. பெரிய தைரியம். மதியம் ஓடையோரப் பாறைக்குக் கீழே கல் கூட்டி விறால் வறுக்க அடுப்பு மூட்டினோம். பாறைக்கு மேலே மலைத்தேன் கட்டியிருந்ததை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. புகை மேலே போனதும் கறுப்புத் துணியை உதறியது மாதிரி இறங்கியது. ஒருவன் ஜீப்புக்கு ஓடினான், ஜன்னல் திறந்திருந்தது. நான் ஓடைக்குள் விழுந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கிடந்தேன். நாற்பதுக்கு மேல் கொட்டு. இன்னொருவருக்கு மூச்சுத் திணறி, கொண்டைஊசி வளைவுகளில் ஜீப்பை எப்படி ஓட்டினோம் என்று இன்றும் தெரியாது, ஆஸ்பத்திரியில் மூன்று நாள். துப்பாக்கி ஜீப்பின் பின்சீட்டில் உறைக்குள் பத்திரமாக இருந்தது. தேனீயை எதைக்கொண்டு சுடுவது? அதற்குப் பிறகுதான் நான் காட்டுப் பயணத்துக்கு அதைத் தொடுவதை நிறுத்தினேன்.

அப்புறம் பாம்பு. இந்தியாவில் பாம்புக்கடியால் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான கணக்கு. துப்பாக்கியால் பாம்பைச் சுடுவது சினிமாவில் மட்டும். கூடாரக்காரனுக்கு எமன் கட்டுவிரியன். இரவில் தரையில் படுத்திருப்பவனைத்தான் அது தேடி வந்ததுபோல் கடிக்கும். கடித்த இடத்தில் வலிகூட இருக்காது. விடியும்போது வயிற்றுவலி, இமை தொங்கும், பேச்சு குழறும். 'ஏதோ ஒத்துக்காதது சாப்பிட்டோம்' என்று விட்டுவிட்டால் முடிந்தது. ஜிப்பை முழுக்க மூடும், தரையும் சேர்த்துத் தைத்த கூடாரம் ஒன்று ஆறு ரிவால்வருக்குச் சமம். கடி என்று சந்தேகம் வந்தாலே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ நேராகப் போங்கள். கட்டுப்போடுவது, கீறுவது, வைத்தியர் வீட்டு வாசலில் காத்திருப்பது எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றுதான், பாம்பை அடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

இதைவிடச் சின்ன எதிரி ஒன்றும் இருக்கிறது. புதர்ப்புல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், மழைக்காலத்துக்குப் பிறகு நம் மாவட்டத்தில் சகஜம். முகாம் போய் வந்து பத்து நாளில் காய்ச்சல் வந்தால், அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரிடம் 'காட்டில் தங்கினேன்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற விலை மலிவான மாத்திரையில் கேட்கும், தாமதித்தால் நுரையீரல்வரை போகும்.

இரவில் நடமாடும்போது மின்வேலி. பன்றிக்காகக் கொல்லையைச் சுற்றித் திருட்டுத்தனமாக கரண்ட் கம்பி கட்டுகிறார்கள். அதில் மனிதர்கள் செத்த செய்தி வராத வருடம் கிடையாது. ஏரிக்குக் குறுக்கு வழி என்று இருட்டில் கடலைக் கொல்லைக்குள் இறங்கவே இறங்காதீர்கள். தரையில் கிடக்கும் உருண்டை எதையும் கையால் தொடாதீர்கள், பன்றிக்கு வைக்கும் நாட்டு வெடியான அவுட்டுக்காயாக இருக்கும். தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்கள்தான் நாம். வறண்ட நாளிலும் மணல் அள்ளிய பள்ளத்தில் தண்ணீர் நின்றால் அடி எங்கே என்று தெரியாது.

இத்தனைக்கும் மேல் ஒன்று. முகாம் என்றால் பாட்டில் இருக்கும், எனக்குத் தெரியாதா. குடித்த நான்கு பேர், ஒரு ரிவால்வர், நடு இரவு. ஒருவன் வாங்கிப் பார்ப்பான், ஒருவன் போட்டோ எடுப்பான், ஒருவன் சிறுநீர் கழிக்கப் போய்விட்டுப் புதரை விலக்கிக்கொண்டு திரும்பி வருவான். பட்டாளத்தில் பத்தொன்பது வருடத்தில் எதிரி சுட்டுப் பார்த்ததைவிட, 'காலியாத்தான் இருக்கு' என்று சொன்னவன் சுட்டுப் பார்த்தது எனக்கு அதிகம்.

ஆகவே அந்த ஒன்றேகால் லட்சத்தை எங்கே போடலாம்? தரை தைத்த நல்ல கூடாரம். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று, கூடவே தூரம் அடிக்கும் டார்ச் ஒன்று. முழங்கால்வரை கம்பூட்ஸ். ஆறடி மூங்கில் தடி, நுனியில் இரும்புப் பூண் போட்டது. நடக்கும்போது தரையைத் தட்ட, தண்ணீரின் ஆழம் பார்க்க, நாயை விரட்ட எல்லாவற்றுக்கும் அது போதும். விசில். மிளகாய் ஸ்ப்ரே, இங்கே லைசன்ஸ் வேண்டாம், ஆனால் கடையில் கிடைப்பது கைப்பைக்குள் அடங்கும் சின்னது, மனிதனுக்கும் தெருநாய்க்கும்தான். கரடிக்கு அதை நம்பாதீர்கள். ஏர்கன் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். 20 ஜூலுக்குக் குறைவான .177 ஏர்கன்னுக்கு லைசன்ஸ் வேண்டாம்தான், ஆனால் அதைக் காட்டோரம் கொண்டுபோனால் கொக்கு, காடை அடிக்க வந்தவன் என்றுதான் பிடிப்பார்கள். பாதுகாப்புக்கும் அது உதவாது.

சுடுவதில் ஆசை என்றால் அது தனி ஆசை, தப்பில்லை. ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள், மீனோடு கலக்காதீர்கள்.

தங்குவதற்குக் காப்புக்காட்டை விட்டு வெளியே, யாருடைய பட்டா நிலத்திலாவது கேட்டுத் தங்குங்கள். ஜவ்வாது மலையில் கேட்டால் இல்லை என்று சொல்கிறவர்கள் குறைவு. அவர்களிலேயே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டால், கரடி எந்தப் பக்கம் இறங்குகிறது, யானை வந்து எத்தனை நாள் ஆகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். காட்டுக்குள் போயே தீர வேண்டுமென்றால் ஒடுகத்தூரோ குடியாத்தமோ, அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் முன்னாலேயே எழுதிக் கேளுங்கள். ஏரியில் தூண்டில் போடுவதற்கு முன் மீன் குத்தகை யாரிடம் இருக்கிறது என்று விசாரியுங்கள். குத்தகைக்காரர் ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொண்டு விடுவார், கூடவே விறால் எந்த மூலையில் கிடக்கிறது என்பதையும் சொல்வார். ஜிலேபி மீனுக்கு மண்புழு போதும், விறாலுக்குச் சின்னத் தவளை.

அடுத்த மாதம் போவதாக இருந்தால் சொல்லுங்கள் தம்பி. பீஞ்சமந்தைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் நிலத்தில் இடம் இருக்கிறது. தடி நான் கொண்டு வருகிறேன்.